உப்பில்லாத கடல்

கடல் ஊருக்குள் வந்து போன இருபதாம் நாள், ஈரத்துண்டு அய்யா வந்து சேர்ந்தார். கடல் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. அய்யா மைக் வைத்து அறிவித்துவிட்டு வந்தார். அந்த அளவுக்கு அவர் கடலைவிட மரியாதை தெரிந்தவர்.

நிவாரண முகாமாகிப் போன பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு காலிக் கிடங்கு. விடிந்ததும் அங்கே வரிசை. மீன்காரம்மா நின்றாள். வங்கிக் காசாளர் நின்றார். அறிவியல் வாத்தியாரும் நின்றார். "எனக்கு இதுல நம்பிக்கையெல்லாம் இல்ல, சும்மா எதுக்கும் இருக்கட்டும்னு" என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றார்.

அய்யாவின் வித்தை ரொம்ப எளிது. "கடல் உங்க வீட்டை விட்டுப் போயிடுச்சு. தலையை விட்டுப் போகல" என்பார். அதனால்தான் தூக்கம் வரவில்லையாம். அதனால்தான் குழாயைத் திறந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறதாம். காய்ந்த துண்டை எல்லோரும் பார்க்க உதறுவார். நெற்றியில் வைத்து அழுத்துவார். பிழிவார். தண்ணீர் சொட்டும்! கூட்டம் வாயைப் பிளக்கும். காசைக் கையால் தொடமாட்டார், உத்தமர். நிவாரணமாக வந்ததில் ஒரு பொருள் கொடுத்தால் போதும். போர்வை, அடுப்பு, கொசுவலை, எதுவானாலும். காலிக் கிடங்கு என்றா சொன்னோம்? அது முதல் நாள் நிலவரம்.

பள்ளிக்கூடத்தின் விளையாட்டுச் சாமான் அறையில் இன்னொருத்தியும் உட்கார்ந்திருந்தாள். மனநல நர்ஸ். கதவில் 'மனநல உதவி, இலவசம்' என்று ஒரு காகிதம். உள்ளே இரண்டு நாற்காலி, ஓரத்தில் காற்றுப் போன பந்துகள், உதவி எண் அச்சடித்த சீட்டுக் கட்டு. கட்டைப் பிரிக்கவே வேலை வரவில்லை. அந்தக் கதவு வந்ததும் ஜனங்கள் நடையை எட்டிப் போட்டார்கள். உள்ளே நுழைந்தால் பைத்தியம் என்று பட்டம் கட்டிவிடுவார்களே! தலைக்குள் கடல் இருக்கிறது என்றால் கௌரவம். தூக்கம் வரவில்லை என்றால் அவமானம். என்ன கணக்கோ!

அந்த அறைக்கு யாருக்கும் தெரியாமல் இரண்டு தடவை போனவன் ஒருவன் உண்டு. தையல்காரியின் கணவன், பஸ் டிரைவர். கடல் வந்த அன்று ஒரு பஸ் நிறைய ஆட்களை மேட்டில் இறக்கிவிட்டு, மிச்சம் இருப்பவர்களை அழைத்துவரத் திரும்பினான். பஸ் கவிழ்ந்தது. அவன் பிழைத்தான். அதற்குப் பிறகு சரியாகத் தூங்கவில்லை, கதவைச் சாத்தினால் பதறினான். நர்ஸிடம் இரண்டாம் தடவை போனபோது, "ஒரு கை... என் கையைப் பிடிச்சிருந்துச்சு சிஸ்டர்" என்று அரை வாக்கியம் சொன்னான். "மீதியை எப்போ முடியுதோ அப்போ சொல்லுங்க. அவசரமே இல்ல" என்றாள் நர்ஸ். தூங்குவதற்கு டாக்டர் எழுதிய மாத்திரையும் வாங்கித் தந்தாள்.

அந்த அரை வாக்கியத்தோடு நின்றுபோனது. மீன்காரம்மா பார்த்துவிட்டாள்.

"ஏண்டி, நல்லா இருக்கற மனுஷனைப் பைத்தியக்கார டாக்டர்கிட்ட விட்டியா? அய்யாகிட்ட கூட்டிட்டு வா!"

தையல்காரி பயந்துபோனாள். கூட்டிக்கொண்டு போனாள். அய்யா பிழிந்தார், சொட்டியது. பிறகு விதி சொன்னார்: "மாத்திரையைத் தூக்கிப் போடு. ஒரு வார்த்தை பேசக்கூடாது. வாயைத் திறந்தா போன கடல் திரும்பி வரும்."

டிரைவர் வாயை மூடினான். பதினோரு நாள். பேச்சு நின்றது, பிறகு சாப்பாடும் நின்றது. சட்டை தோளில் தொங்கியது. தையல்காரி அதை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். மூன்றாவது தடவை தைக்க உட்கார்ந்தவளுக்கு ஊசி கோக்க முடியவில்லை. மனுஷன் கரைந்துகொண்டிருக்கிறான், தான் துணியைச் சரிபண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது.

மறுபடியும் கிடங்குக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"பிடிவாதமான தண்ணிம்மா" என்றார் அய்யா, கண்ணை மூடிக்கொண்டு. "உன் வீட்ல ஒரு இரும்புச் சாமான் இருக்கு. அதுலயும் கடல் புகுந்திருக்கு. கொண்டாந்து இங்க வை."

வீட்டில் இருந்த ஒரே இரும்புச் சாமான், நிவாரணத்தில் முந்தாநாள் வந்த தையல் மெஷின். இன்னும் எண்ணெய் வாசனைகூடப் போகாதது. கடல் அதில் எப்போது புகுந்தது, லாரியில் வரும்போதா என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள். "முதல்ல இவருக்கு எடுங்கய்யா."

அய்யா துண்டை நெற்றியில் வைத்து அழுத்திப் பிழிந்தார். தண்ணீர் டிரைவரின் மூக்கில் வழிந்து உதட்டில் விழுந்தது. அவன் நாக்கால் தொட்டுப் பார்த்தான். முகம் மாறியது.

"உப்பு இல்ல" என்றான்.

பதினோரு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பேசாத! கடல் வந்துரும்!" என்று அலறினார் அய்யா.

"கடலை நான் குடிச்சிருக்கேன்யா. வாய் நிறைய, மூக்கு நிறைய. இது கடல் இல்ல."

தையல்காரி அந்தத் துண்டை வாங்கி நக்கிப் பார்த்தாள். மீன்காரம்மாவிடம் நீட்டினாள். "நீங்க சொல்லுங்கக்கா. கடல் தண்ணி உங்களுக்குத் தெரியாதா?"

மீன்காரம்மா நாக்கில் வைத்தாள், துப்பினாள். "அட, பிளீச்சிங் பவுடர் வாடை! நம்ம முகாம் டேங்கர் தண்ணிடி இது!"

"உடம்புக்குள்ள தங்கினா உப்பு போயிடும்" என்றார் அய்யா, சட்டென்று.

"கண்ணீர் உடம்புக்குள்ளதான் இருக்கு. ஒரு மாசத்துக்கு மேல குடிக்கிறோம், கரிக்குதே!" என்றாள் தையல்காரி. பிறகு அவள் கண் அவருடைய சட்டைக்குப் போனது. எத்தனை சட்டை வெட்டியிருக்கிறாள், அக்குளில் அப்படி ஒரு தையலை அவள் பார்த்ததே இல்லை. "அய்யா, நெஞ்சுல பாக்கெட் வைப்பாங்க, இடுப்புல வைப்பாங்க. அக்குள்ல எதுக்கு பாக்கெட்?"

"அது... வேர்வைக்கு."

"சரி. சட்டையைக் கழட்டிட்டு, என் துண்டால ஒரு தடவை பிழிங்க. ஒரே ஒரு சொட்டு வரட்டும், மெஷினை நானே தூக்கிட்டு வரேன்."

"சட்டை இல்லாம சக்தி இறங்காது."

"சக்திக்குக் கூச்சமாய்யா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மீன்காரம்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை, சட்டையைப் பிடித்து இழுத்தாள். அக்குளிலிருந்து ஊறிப்போன ஒரு ஸ்பாஞ்சும், மணிக்கட்டு வரைக்கும் ஓடிய மெல்லிய குழாயும் விழுந்தன. வாத்தியார் குனிந்து பார்த்தார். "அழுத்தம் கொடுத்தா திரவம் வெளியேறும். எட்டாம் வகுப்புப் பாடம்" என்றார். இத்தனை நாள் அந்த வகுப்புக்கு அவரே லீவு போலிருக்கிறது.

அய்யா பின்கதவு வழியாக ஓடினார். ஜனங்கள் துரத்தவில்லை. தங்கள் போர்வை எது என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

தையல்காரி கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு நட்டநடுப் பகலில், எல்லோர் கண்ணும் பார்க்க, விளையாட்டுச் சாமான் அறைக்கு நடந்தாள். நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அந்தக் கை என் பக்கத்துவீட்டு அம்மாவோடது சிஸ்டர்" என்று டிரைவர் ஆரம்பித்தான். தையல்காரி வெளியே வந்து கதவை மெல்லச் சாத்தினாள். இந்தத் தடவை அவன் பதறவில்லை.

வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். காசாளர் தொண்டையைச் செருமினார். "எனக்கும் கொஞ்சம் தூக்கம்... ஆனா இங்க நிக்கறதை யாராவது பாத்துட்டா?"

தையல்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஊரே பாக்க ஒருத்தன் அக்குள் தண்ணிக்கு நெத்தியைக் காட்டினீங்க, அப்போ வராத வெக்கமா? உக்காருங்கண்ணே. இனிமே தலையை எவன்கிட்டயாவது நீட்டறதுக்கு முன்னாடி, அதுக்குள்ள இருக்கறதை நீங்க ஒரு தடவை உபயோகிச்சுப் பாருங்க."