முன்வாசல் ஒழிப்பு, பின்வாசல் பாதுகாப்பு

"அக்கா, பலகையைத் திருப்புங்க! சீக்கிரம்!"

நத்தை மேடம் மாடிப்படிகளில் தாவித் தாவி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. ஆய்வக அக்கா அவசரமில்லாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறினார்.

"எந்தப் பக்கம் தெரியணும் மேடம்? ஒழிப்பா, பாதுகாப்பா?"

"ஒழிப்பு! இருங்க, இருங்க. மதியம் வரவேண்டிய அம்மா காலையிலேயே வர்றேன்னு செய்தி அனுப்பியிருக்காங்க. அப்படின்னா பாதுகாப்பு. ஐயோ, ஒழிப்புக்காரரும் இப்பதானே வரணும்!"

"முதல்ல யாருன்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க. எனக்கு மூட்டு வலி. சும்மா சும்மா ஏறி இறங்க முடியாது."

பலகை ஒன்றுதான். ஒரு பக்கம் 'நத்தை ஒழிப்பு ஆய்வகம்'. மறுபக்கம் 'நத்தைப் பாதுகாப்பு ஆய்வகம்'. நடுவில் ஒரு கயிறு. இரண்டு பலகை செய்தால் செலவு என்று மேடம் நினைத்தது நியாயம்தான். ஆனால் சில இடங்களில் சிக்கனம் ஆபத்து.

மேடம் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுப்பவர். 'நத்தை மேடம்' என்ற பெயர் மாணவர்கள் வைத்தது. அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு சந்தேகம்தான். ஒரு நத்தையைத் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்தின் கடைசியில் விட்டாலும், அது ஏன் கிளம்பிய தொட்டிக்கே ஊர்ந்து ஊர்ந்து திரும்பி வருகிறது? வழியை எங்கே எழுதி வைத்திருக்கிறது? இதற்காக அவர் ஒவ்வொரு நத்தையின் ஓட்டிலும் நகப்பூச்சால் பொட்டு வைத்து, அதன் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தார். நத்தையின் பின்னால் நடப்பவர் எவ்வளவு தூரம் முன்னேற முடியும்? பதவி உயர்வும் அந்த வேகத்தில்தான் வந்தது.

அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். போன பருவத்தில் துறைத்தலைவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். வெளியிலிருந்து ஆராய்ச்சி நிதி கொண்டு வராதவர்களுக்கு இனி ஆய்வகம் கிடையாது. இந்த மாதக் கடைசிதான் கெடு. அதுவரைகூடப் பொறுக்காமல் அவர் அளவு நாடாவுடன் வந்து, நத்தைத் தொட்டிகளின் மேலேயே நாடாவை விரித்து, தன் புதிய கூட்ட அறைக்கு நீள மேசை எங்கே போடலாம் என்று பார்த்துவிட்டுப் போனார். நத்தைகள் குப்பைக்கு. அக்கா தேர்வுப் பிரிவுக்கு, தாள் கட்ட. மேடம் எங்கே என்று யாரும் யோசிக்கவில்லை.

மேடம் நிதி தேடினார். முதலில் உள்ளதை உள்ளபடி எழுதி, கண்ணில் பட்ட எல்லா அறக்கட்டளைகளுக்கும் அனுப்பினார். 'அருமையான கேள்வி. ஆனால் இதனால் யாருக்கு என்ன பயன்?' என்று பதில் வந்தது. சில இடங்களிலிருந்து அதுவும் வரவில்லை. அப்புறம்தான் அவருக்குப் புத்தி வந்தது, அல்லது போனது. பயிர்காப்பு அறக்கட்டளைக்கு, 'நத்தையின் வழியைக் கண்டுபிடித்தால் கூண்டோடு ஒழித்துவிடலாம்' என்று எழுதினார். சிற்றுயிர் நல அறக்கட்டளைக்கு, 'நத்தையின் வழியைக் கண்டுபிடித்தால் அதன் வம்சத்தையே காப்பாற்றிவிடலாம்' என்று எழுதினார். விலாங்கு மீன் மாதிரி, பாம்புக்குத் தலை, மீனுக்கு வால். துறைத்தலைவர் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போடும் தாளை அவர் படித்ததாகச் சரித்திரம் கிடையாது.

ஏதோ ஒன்று கிடைக்கும் என்று நினைத்தால், இரண்டு பேரும் 'நேரில் பார்க்க ஆள் அனுப்புகிறோம்' என்று எழுதிவிட்டார்கள். அதுவும் ஒரே நாளில்.

"மேடம், படியில யாரோ வர்றாங்க. ஆம்பளைச் செருப்புச் சத்தம்."

"ஒழிப்பு! ஒழிப்பு!"

அக்கா பலகையைத் திருப்பினார். வந்தவர் வெள்ளைச் சட்டை போட்ட நிதானமான மனிதர். பயிர்காப்பு அறக்கட்டளையின் மதிப்பீட்டாளர். உட்காருவதற்கு முன்பே கறாராகப் பேச ஆரம்பித்தார்.

"மேடம், முதல்லயே சொல்லிடறேன். எங்க விதி ரொம்பக் கடுமை. நான் பாக்கற ஆய்வகத்துல என் சொந்தக்காரங்க யாரும் எந்த வகையிலயும் சம்பந்தப்பட்டிருக்கக்கூடாது. அப்படி இருந்தா நானும் போச்சு, உங்க விண்ணப்பமும் போச்சு. இதே ஆய்வுக்கு வேற யார்கிட்டயாவது கேட்டிருந்தாலும் அப்படித்தான்."

"சேச்சே, யார்கிட்டயும் இல்ல சார்." மேடம் அவசரமாக ஒரு தொட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இந்தச் சிவப்புப் பொட்டு எதுக்கு?"

"அது... சாகப்போற நத்தை சார்."

பொட்டு வைத்த நத்தை கொம்பை நீட்டி மேடத்தைப் பார்த்தது. மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு மிகவும் பிடித்த நத்தை அது. எங்கே விட்டாலும் முதலில் திரும்பி வருவது அதுதான்.

அப்போது ஜன்னல் பக்கம் நின்றிருந்த அக்கா தொண்டையைச் செருமினார். கீழே பச்சைப் புடவை கட்டிய ஓர் அம்மா, குடையை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்.

மேடம் சாமான் அறைப் பக்கம் ஓடினார். "சார், நீங்க... எங்க சாமான் அறையைப் பாக்கறீங்களா? இருட்டா இருக்கும். நத்தை இருட்டுலதான்..."

சொல்லி முடிக்கவில்லை. அவரும் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கண்டிப்பாப் பாக்கணும்!" என்று எழுந்து, சாமான் அறைக்குள் போய், கதவைத் தானே உள்பக்கம் சாத்திக்கொண்டார்.

'என்ன ஒரு கடமை உணர்ச்சி' என்று மேடம் உருகிப்போனார்.

"பலகை!" என்று உதட்டை மட்டும் அசைத்தார். அக்கா முனகிக்கொண்டே ஸ்டூலில் ஏறினார்.

பச்சைப் புடவை அம்மா சிற்றுயிர் நல அறக்கட்டளையிலிருந்து வந்தவர். சிரித்த முகம். ஆனால் கேள்வி சிரிக்கவில்லை.

"வெயில் ஏறிடும்னு முன்னாடியே வந்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. வேற யாராவது வந்திருக்காங்களா?"

"யாருமே இல்லீங்க! நீங்கதான்!"

"நல்லது. ஏன் கேக்கறேன்னா, எங்க இடத்துல சட்டதிட்டம் ஜாஸ்தி. சொந்தம் பந்தம், ரெண்டு இடத்துல கை நீட்டறதுன்னு எதையாவது பாத்தாங்கன்னா உடனே ரத்து. இந்தச் சிவப்புப் பொட்டு ரொம்ப அழகா இருக்கே!"

"செல்லப் பிள்ளைங்க அது. திருஷ்டி படாம இருக்க வெச்சது."

சாமான் அறைக்குள் ஏதோ கீழே விழுந்தது. பிறகு ஒரு தும்மல்.

"யாரு அது?"

"எலி" என்றார் மேடம்.

"அதையும் பாதுகாக்கறோம்" என்றார் அக்கா, தன் பங்குக்கு.

இந்த அம்மாவை எங்காவது அப்புறப்படுத்தியே ஆகவேண்டும். தோட்டத்துக்கு அனுப்பலாம் என்றால் தோட்டத்தில் நத்தைப் பொறிகள் வைக்கப்பட்டிருந்தன, வெள்ளைச் சட்டைக்காரர் பார்ப்பதற்காக. அந்தச் சமயத்தில் துறைத்தலைவரின் உதவியாளர் வந்து, "நிதி கொடுக்க வந்தவங்களை ஐயா டீ சாப்பிடக் கூப்பிடறார்" என்றார். தப்பித்தோம் என்று மேடம் அம்மாவை அங்கே அழைத்துப் போனார். போகும்போது அக்காவிடம், "அவரை வெளியில எடுத்து, பின்படி வழியா தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று கிசுகிசுத்தார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. துறைத்தலைவர் காலையில் பலகையின் ஒழிப்புப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"வாங்கம்மா, வாங்க! எங்க மேடத்தைப் பத்தி ஒண்ணு சொல்லட்டுமா? இந்த வளாகத்துல ஒரு நத்தையை விடமாட்டாங்க!"

அம்மாவின் கையிலிருந்த கோப்பை பாதி வழியில் நின்றது. "விடமாட்டாங்கன்னா?"

"கைவிடமாட்டேன்னு சொல்றார்" என்றார் மேடம். "எதையும் சுருக்கமாச் சொல்றது அவர் பழக்கம்."

"ஆமா, ஆமா. எல்லாத்தையும் ஒரே போடா..." என்று அவர் மேலே போவதற்குள் மேடம் பிஸ்கட் தட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். தோட்டத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் பொறியைப் பார்த்து முடித்திருப்பார். இன்னும் கொஞ்ச நேரம். கொஞ்ச நேரம் மட்டும் தாக்குப்பிடித்தால் போதும்.

கதவு திறந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் நின்றார். தோளில் ஒட்டடை. பின்னால் அக்கா, 'நான் என்ன செய்வேன், கை கழுவ இடம் கேட்டு இவரே இந்தப் பக்கம் திரும்பிட்டார்' என்று கையை விரித்தார்.

மேடம் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் போச்சு. ஆய்வகம் போச்சு, அக்கா போச்சு, சிவப்புப் பொட்டும் போச்சு. இரண்டு விண்ணப்பங்களையும் எழுதிய கையை வெட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது அவருக்கு.

"நீங்க யாரு?" என்றார் துறைத்தலைவர்.

வெள்ளைச் சட்டைக்காரர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தார். அந்த மனிதர் தோள் ஒட்டடையைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "நான்... ஏசி பாக்க வந்தேன்."

துறைத்தலைவர் துள்ளி எழுந்தார். "வந்துட்டீங்களா! எத்தனை தடவை சொல்லி அனுப்பறது? சொட்டு சொட்டா என் தலையிலேயே ஊத்துது. ஏறுங்க, ஏறிப் பாருங்க!"

மேடத்தின் கண்ணெதிரே, அவருடைய நிதியைத் தீர்மானிக்கப்போகும் மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு மேசை மேல் ஏறினார். ஏசியின் மூடியைக் கழற்றினார். உள்ளே சேர்ந்திருந்த தூசி மொத்தமும் அவர் மேல் கொட்டியது.

"நல்லாத் துடைங்க" என்றார் துறைத்தலைவர்.

"சரிங்க."

பச்சைப் புடவை அம்மாவுக்கு டீ புரையேறியது. கண்ணில் நீர் வரும் அளவுக்கு இருமினார். இருமல்தானா என்று மேடத்துக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனால் அதை நினைக்கவும் அவருக்குத் தெம்பில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. மதிப்பீட்டாளர் தாம் யார் என்பதை அந்நியர் முன்னால் சொல்லக்கூடாது என்று விதி இருக்கிறது போலிருக்கிறது. விதிக்காக ஏசி துடைக்கிறார் மனிதர்! இப்படிப்பட்டவரிடமா பொய் சொன்னோம் என்று மேடம் தன்னையே நொந்துகொண்டார்.

மேடம் அம்மாவை அவசரமாக வெளியே அழைத்து வந்து, பின்வாசல் வரை கொண்டுபோய் விட்டார்.

"எனக்குத் திருப்தி" என்றார் அம்மா. "நான் சிபாரிசு பண்ணிடறேன். ஒரே ஒரு வேண்டுகோள். நான் வந்ததை ரொம்ப விவரமா யார்கிட்டயும் சொல்லிக்க வேண்டாமே."

திரும்பி ஓடி வந்தால், வெள்ளைச் சட்டைக்காரர் நடைபாதையில் நின்று தலைமுடியைத் தட்டிக்கொண்டிருந்தார். மேடத்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஆய்வகம் போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தார்.

"சார், உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்..."

"வேண்டாம் மேடம்!" அவர் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "உண்மையெல்லாம் வேண்டாம். நான் பாத்தது போதும். உங்களுக்கு நிதி நிச்சயம். நான் சிபாரிசு எழுதிடறேன். இன்னைக்கு நடந்தது எதுவும் வெளியில போகாம பாத்துக்குங்க, அது போதும்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று முன்வாசல் பக்கம் நடந்தார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மேடம் பக்கவாட்டுப் படியில் பொத்தென்று உட்கார்ந்தார். இரண்டு நிதி. ஒன்றை வேண்டாம் என்று நாளைக்கே எழுதிவிடலாம். எந்த ஒன்றை? அது நாளைக்கு. துறைத்தலைவரின் நீள மேசை இனி அவர் வீட்டுக்குத்தான் போகவேண்டும். மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு உத்தமமான மனிதர்களை இப்படி ஏமாற்றிவிட்டோமே என்று கூடவே அழுகையும் வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் காதில் கைப்பேசியுடன் அந்தப் பக்கமாக வந்தார். கைப்பேசியைப் பொத்திக்கொண்டு, படியில் உட்கார்ந்திருந்தவரிடம் குனிந்து கேட்டார்:

"அக்கா, இந்தக் கட்டடத்துக்குப் பின்வாசல் எங்க இருக்கு? ஐயா முன்வாசல்ல நிக்கறாராம், அவர் சம்சாரம் பின்வாசல்ல நிக்கறாங்களாம்; காலையில ஒரே வீட்டுலேர்ந்து ஒண்ணா ஏத்திட்டு வந்த புருஷன் பொண்டாட்டியை, யாரோ நத்தை மேடமாம், அவங்க கண்ணுல படாம திரும்ப ஒண்ணா ஏத்தணும்னா நான் எங்கேதான் வண்டியை நிறுத்தறது?"