தலை உள்ளே இருந்தால் போதும்

ரோமாபுரியில் ஒருவன் எப்படி வேண்டுமானாலும் வாழலாம். செத்துவிட்டால் மட்டும் மரியாதையாக மதிலுக்கு வெளியே போய்விட வேண்டும். சட்டம் அப்படி. ஆகவே ஊரை விட்டுக் கிளம்பும் எல்லாச் சாலைகளிலும் இரு பக்கமும் கல்லறைகள் தோளோடு தோள் உரசி நிற்கும். "வழிப்போக்கனே, நில்! என் பெயரைப் படி!" என்று ஒவ்வொரு கல்லும் போகிற வருகிறவனை மறிக்கும். யாராவது நின்று வாய்விட்டுப் படித்தால், உள்ளே கிடப்பவன் அந்த நிமிஷம் பிழைத்துக்கொள்வான் என்பது ஊர் நம்பிக்கை.

ஸ்டாபிலியோவுக்கு இந்த ஓர் ஆசைதான். அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்று, வெளுப்புக் கடை வைத்து, சவுக்காரத்துக்குப் பதில் ஊரார் மூத்திரத்தை ஊற்றி அதில் ஊரார் அங்கிகளை மிதித்து மிதித்து முன்னுக்கு வந்தவன் அவன். அடிமை செத்தால் பெயரில்லாத பொதுக்குழி. அவன் அம்மா அதில்தான் கிடந்தாள். அதனால் உயிரோடிருக்கும்போதே தெற்குச் சாலையில் தனக்கொரு கல்லறை கட்டிவிட்டு, தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சமயத்தில், பேரரசர் தெற்குச் சாலை வழியாக எழுந்தருளப் போவதாக அறிவிப்பு வந்தது. சாலை அலுவலகம் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்தது. அதிகாரி வோல்கேஷியஸ் அளவுகோலோடு வந்து இறங்கினார்.

"யோவ், இது என்ன?"

"கல்லறைங்க ஐயா. என்னோடதுதான்."

"உள்ளே ஆள் இருக்கா?"

"நான் இன்னும் சாகலீங்களே."

"பிணம் இல்லாட்டி அது கல்லறை இல்லை, ஆக்கிரமிப்பு. ஒண்ணு இடி, இல்லேன்னா குடிவா. பேரரசர் வர்றதுக்குள்ளே."

ஸ்டாபிலியோவின் மனைவி கல்லிஸ்தே குறுக்கே வந்தாள். "ஐயா, இவரு சுண்டுவிரலை வேணா வெட்டிப் புதைச்சிடறோம். கடையிலே விரலுக்கு வேலையில்லே, கால்தானே மிதிக்குது."

"அம்மா, தலை எங்கே இருக்கோ அதுதான் கல்லறைன்னு சட்டம் சொல்லுது. தலையைக் கொடுங்க, கையெழுத்துப் போடறேன்."

ஸ்டாபிலியோ தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான். "தலை உள்ளே இருந்தா போதுங்களா? உயிர் இருக்கக் கூடாதுன்னு சட்டத்திலே இருக்குங்களா?"

வோல்கேஷியஸ் சட்டச் சுருளை விரித்து மேலிருந்து கீழ் வரை விரலை ஓட்டினார். "அப்படி எங்கேயும் போடலையே," என்றார்.

மறுநாள் சவ ஊர்வலம் ஜாம்ஜாமென்று நடந்தது. முன்னால் குழல்காரர்கள் ஊதிக்கொண்டு போனார்கள். கூலிக்கு அழும் பெண்கள் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டார்கள். செத்தவரைப் போல வேஷம் கட்டி நடித்துக் காட்ட ஒரு நடிகன் வருவது அங்கே வழக்கம் அல்லவா? துரோமோ என்ற நடிகன் ஸ்டாபிலியோவின் நொண்டல், தும்மல், வாடிக்கையாளரிடம் குழைகிற குழைவு எல்லாவற்றையும் அப்படியே செய்து காட்டினான். பாடையில் படுத்திருந்த ஸ்டாபிலியோவே ஒரு கண்ணைத் திறந்து, "அடடா!" என்றான். பிறகு எழுந்து போய்க் கல்லறைக்குள் தலையை வைத்தான். அதிகாரி ஒப்புதல் கொடுத்தார். எல்லாம் முறைப்படி முடிந்தது.

பொழுது சாய்ந்ததும் ஸ்டாபிலியோ தூசியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான். நகர வாசலில் காவலன் ஈட்டியை நீட்டினான்.

"எங்கேப்பா போறே? நீ செத்தவன். செத்தவன் மதிலுக்குள்ளே வரக் கூடாது."

"வீட்டிலே பெண்டாட்டி காத்திருக்காய்யா! கடையை யாரு பாத்துப்பா?"

"உன்னை மாதிரியே ஒருத்தன் இப்பத்தான் அந்தம்மாகூட உள்ளே போனான். நடிகன் போகலாம். சட்டத்திலே தடை இல்லே."

ஸ்டாபிலியோ தலையிலடித்துக்கொண்டு திரும்பி வந்து தன் கல்லறைப் படியில் உட்கார்ந்தான். வேறு வழியில்லாமல் அங்கேயே சமைத்தான், சாப்பிட்டான், காலை நீட்டிப் படுத்தான். அந்தப் பக்கமாகப் பல்லக்கில் போன ஒரு பெரிய இடத்துச் சீமாட்டி எட்டிப் பார்த்தாள். வரி கிடையாது, வாடகை கிடையாது, மாமியார் உள்ளே வர முடியாது, காற்றோ அள்ளிக்கொண்டு போகிறது. அடுத்த வாரமே அவளும் செத்தாள்.

பிறகு உயிரோடிருப்பது பட்டிக்காட்டுத்தனம் என்று ஆகிவிட்டது. செனட்டர்கள் செத்தார்கள், வழக்கறிஞர்கள் செத்தார்கள், கடைசியில் இடம் தீர்ந்துவிடுமே என்ற பயத்தில் வோல்கேஷியஸும் செத்தார். ஊருக்குள் அவரவர் இடத்தில் அவரவர் நடிகர்கள் உட்கார்ந்தார்கள். செனட் வழக்கம்போல் கூடியது. பேச்சு மட்டும் கொஞ்சம் தெளிவாக இருந்தது. அலுவலகங்களில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

வித்தியாசம் தெரிந்தது சாலையில்தான். எல்லோரும் கல்லோடு உட்கார்ந்துவிட்டதால், நடந்து போக ஆளில்லை. "நில், படி!" என்று கற்கள் கத்தின. நிற்பதற்கு ஒருவனும் வரவில்லை. சரி, பேரரசர் வருவார், அவர் படிப்பார் என்று ஸ்டாபிலியோ கல்லைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தான்.

பல்லக்கு வந்தது. திரை இழுத்து மூடியிருந்தது. சாலை முழுக்கச் செத்தவர்கள் எழுந்து நின்று வணங்கினார்கள்.

பல்லக்குத் தூக்குகிறவன் ஒருவனுக்குப் பக்கத்திலேயே ஸ்டாபிலியோ ஓடினான். "தம்பி, திரையைத் திறக்கச் சொல்லு! என் பேரை ஒரு தடவை பாக்கட்டும்!"

"உள்ளே யாருமில்லேண்ணே. பேரரசருதான் தலைமைப் பூசாரி. பிணத்து முகத்திலே முழிக்கப்படாது. இங்கே எல்லாரும் பிணம்னதும் வேற சாலையிலே போயிட்டாரு."

"அப்ப நீயாவது நின்னு படிப்பா!"

"நான் அடிமைண்ணே. படிக்கத் தெரியாது. நின்னா உதைப்பாங்க."

பல்லக்கு போயே போய்விட்டது. ஸ்டாபிலியோ படியில் குந்தி, குழந்தை மாதிரி அழுதான்.

பிப்ரவரி மாதம் மூத்தோர் திருநாள் வந்தது. மதுவில் நனைத்த ரொட்டியும் வயலட் பூவும் எடுத்துக்கொண்டு கல்லிஸ்தே வந்தாள். பக்கத்தில் துரோமோ நொண்டிக்கொண்டு வந்தான். கல்லுக்கு முன்னால் நின்றான். தொண்டையைச் செருமினான். வெண்கல மணி போன்ற குரலில், சாலை முழுக்கக் கேட்கும்படி படித்தான்: "ஸ்டாபிலியோ!"

ஸ்டாபிலியோவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதற்காகத்தானே இத்தனை பாடு!

துரோமோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நல்ல மனுஷன். எனக்கு ரொம்ப வேண்டியவன்," என்றான்.

"ஏண்டி, நான் இங்கேதான் இருக்கேன்!" என்றான் ஸ்டாபிலியோ.

கல்லிஸ்தே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு துரோமோவின் கையைப் பிடித்தாள். "ஏங்க, வாங்க போகலாம். இவரு உங்களை மாதிரி அவ்வளவு நல்லாச் செய்யலே."