வாலில் ஒட்டிய வம்சம்

மீன் கிண்ணத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தது ராமானுஜம் செய்த முதல் தப்பு. அதைப் பற்றி வாயைத் திறந்தது இரண்டாவது.

மழையில் ஆராய்ச்சிக்கூடத்தின் கூரை ஒழுகியதால், மைக்ராஸ்கோப்பைக் கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் வீட்டுக்கே தூக்கி வந்திருந்தார். கிண்ணத்தில் ஒரு கப்பி மீன். அதன் வாலில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிசாக ஒரு தட்டைப்புழு, அவர் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவந்த வம்சத்தின் கடைசி வாரிசு.

"இதுல பாரேன் பார்வதம்! வயித்துல ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணு வயித்துல ஒரு பேத்தி! பொறக்கும்போதே மாசமா பொறக்குது!"

அவர் மனைவி பார்வதம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பல வருஷம் காத்திருந்து, போன ஆடியில் அவள் பெற்ற பெண் குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் குழந்தை என்ற பேச்சையே இருவரும் எடுப்பதில்லை. இப்போது ராமானுஜம் ஒரே தாவலில் பேத்தி வரைக்கும் போய்விட்டார்.

சமாளிக்கப் பார்த்தார்.

"அதொண்ணும் பெரிய விஷயமில்ல. மொதப் பிரசவத்துக்கு ஆணே தேவையில்ல, தெரியுமா?"

"அப்ப உங்களுக்கு அங்க வேலையில்ல."

"பெத்த கையோட அடுத்ததைச் சுமக்க ஆரம்பிச்சிடும். ஒண்ணு போச்சேன்னு உக்காந்து..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். பார்வதம் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

மனிதர் நல்லவர். ஆறுதல் சொல்லத்தான் வராது. பதற்றம் வந்தால் புழுவைப் பற்றிப் பேசுவார். தெரிந்தது அது ஒன்றுதானே.

மறுநாள் கிண்ணத்தை ஜன்னலோரம் நகர்த்தினார். துணி காயப்போட அவள் அந்த வழியாகத்தான் போகவேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது. துண்டு போட்டு மூடினார். சாயங்காலம் வந்து பார்த்தால் துண்டு கீழே கிடந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். பார்வதம் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். பாழாய்ப்போன ஆராய்ச்சி, இவளை உயிரோடு வதைக்கிறதே என்று ராமானுஜம் தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் காய்கறி வாங்கப் போனதும், கிண்ணத்தில் ஃபார்மலினைச் சொட்டுச் சொட்டாக விட்டார். மீன் பிழைத்தது. புழு ஒன்றுகூட மிஞ்சவில்லை. மாதக்கணக்காகக் கட்டிக்காத்த வம்சம் போயிற்று. போகட்டும், இனி அவள் அழமாட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் மனம் லேசானது.

வீடு துடைக்க வந்த எல்லம்மாள், மைக்ராஸ்கோப் பெட்டிக்குள் போவதைப் பார்த்தாள்.

"இன்னா சார், மூட்டை கட்டிக்கினு கீறீங்க?"

"புழுவையெல்லாம் கொன்னுட்டேன் எல்லம்மா. நேத்து அம்மா அதைப் பார்த்துத்தானே அழுதாங்க?"

எல்லம்மாள் கையிலிருந்த துணி நழுவி வாளிக்குள் விழுந்தது.

"ஐயோ, இன்னா வேலை பண்ணிட்டீங்க சார்! அது வயித்துக்குள்ள இருந்த பாப்பாவுக்குப் பேரு வெச்சு, நீங்க வேலைக்குப் போனதும் தெனம் அதுகிட்ட பேசிக்கினு இருந்துச்சு அம்மா. நேத்து அது உசுரோட பொறந்துச்சு சார், அந்த சந்தோசத்துலதான் அயுதுச்சு!"