பன்னிரண்டு ஜெர்சியும் ஒரு சுவிட்சும்

மூன்றாவது தடவையாக வாஷிங் மெஷின் பாதியில் நின்றபோது, பயிற்சிக்குத் தாமதமாக வந்த மாணவியைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார் பி.டி. டீச்சர்.

உள்ளே பன்னிரண்டு ஜெர்சிகள் நுரையில் ஊறிக்கொண்டிருந்தன. மறுநாள் காலை பள்ளிக்கு வாலிபால் இறுதிப் போட்டி.

"கீழ சுவிட்ச் மறுபடி விழுந்துடுச்சு போல," என்றார் கணவர், நின்றுபோன ஃபேனைப் பார்த்தபடி. "மெஷினுக்கு வயசாயிடுச்சும்மா. தூக்கிப் போட்டுடலாம்."

"அது நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் பொறுமை இல்லை."

சுவிட்ச் பெட்டி தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்தது. வீடு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. டீச்சர் இரண்டிரண்டு படியாக இறங்கி, தங்கள் வீட்டு சுவிட்சைத் தூக்கிவிட்டு ஏறி வந்தார். மெஷின் பத்து நிமிஷம் சுற்றியது. நின்றது.

"லோடு தாங்கலை," என்று தீர்மானித்து ஃப்ரிட்ஜ், ஹீட்டர் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கினார். ஐஸ் உருகி சமையலறையெங்கும் ஓடியது. மறுபடி இறங்கி ஏறினார். மெஷின் கால் மணி நேரம் சுற்றியது. நின்றது.

"அப்போ பிளக் பாயிண்ட்தான் சரியில்லை."

வேறு பாயிண்டுக்காக மெஷினையே கூடத்துக்கு இழுத்தார். குழாய் கழன்று சோபா நனைந்தது. கணவர் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாமே?"

"எட்டு பாயிண்ட் பின்னால கிடந்து ஜெயிச்ச டீம் என்னுது. இந்தத் தகர டப்பாகிட்டயா தோத்துப் போவேன்? ஸ்க்ரூ டிரைவரை எடுங்க."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் மெஷின் மெஷினாக இல்லை. மூடி டீப்பாயில், மோட்டார் செய்தித்தாளின் மேல், பெல்ட் கணவரின் மடியில். ஜெர்சிகள் வாளிக்குப் போயிருந்தன. உள்ளே எந்தக் கோளாறும் தென்படவில்லை.

"இப்ப வீட்டுல ஒரு சாமானும் ஓடலை. இந்த ஒரு பல்பு மட்டும் எரியட்டும். விழுதான்னு பார்ப்போம்," என்று கீழே போய் சுவிட்சைத் தூக்கிவிட்டு வந்தார்.

இருவரும் பல்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இருபதாவது நிமிஷம் அது அணைந்தது.

டீச்சர் எழுந்தார்.

"பார்த்தீங்களா, மெஷின் மேல தப்பே இல்லை. எல்லாம் அந்த சுவிட்ச் பண்ற வேலை. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்."

"அதுக்குக் கையில ஸ்பேனர் எதுக்கு?"

"அதுக்கும் கொஞ்சம் பயம் இருக்கட்டும்."

படிக்கு அடியில், காதில் டெஸ்டரைச் செருகிய ஒரு எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் கண் டீச்சர் வீட்டு சுவிட்சை விட்டு நகரவில்லை. முகம் வெளிறியிருந்தது.

"நகருங்க, அது எங்க வீட்டு சுவிட்ச்," என்றார் டீச்சர்.

"கிட்ட வராதீங்க மேடம்," என்றார் அவர் தாழ்ந்த குரலில். "ரெண்டாவது மாடியில ஃபேன் மாட்டணும்னு காலையிலேர்ந்து இதை ஆஃப் பண்ணிட்டுப் போறேன், மேல போய் டெஸ்டர் வச்சா கரண்ட் அப்படியே இருக்கு, திரும்பி வந்து பார்த்தா ஒவ்வொரு தடவையும் இது தானா ஆன் ஆகி நிக்குது."