தலையணையில் ஒழுகிய அறிவு

எங்கள் பலாக்கா ஊரில் மாவு மில்லுக்குப் பின்னால் இருக்கும் கால்பந்து மைதானத்தில் அந்த மாதம் ஒரு பந்துகூட உருளவில்லை. விடியும் முன்பே கூட்டம். மினிபஸ்ஸில் வந்தவர்கள், சைக்கிள் டாக்சியில் வந்தவர்கள், பக்கத்து ஊரிலிருந்து நடந்தே வந்தவர்கள். எல்லார் கையிலும் ஒரே பொருள்: பிள்ளை படுத்த தலையணையின் உறை. கூடாரத்தின் மேலே துணியில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'தீர்க்கதரிசி செபுலோன். கசியும் தலைகளை அடைப்பவர்.'

சிரிக்காதீர்கள். கதை பெரியது.

நாடு முழுக்கப் பள்ளி இறுதித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. பாதியில் வினாத்தாள் கசிந்துவிட்டது. மறுநாள் தேர்வறையில் பிரிக்க வேண்டிய தாள், முதல்நாள் மாலையே வாட்ஸ்அப்பில் ஊர்வலம் போனது. உடனே வானொலி சொன்னது: தேர்வு ரத்து. மறுதேர்வு எப்போது? பிறகு சொல்வோம்.

அவ்வளவுதான். பிள்ளைகள் வீட்டுக்கு வந்து களிப்பானையைத் திறந்தார்கள், தின்றார்கள், படுத்தார்கள். பெற்றோர்களுக்குத்தான் பைத்தியம் பிடித்தது. ஒருவர், மகன் ஊர் சுற்றக் கூடாதென்று அவனுடைய செருப்பைக் கூரைமேல் வீசினார். அவன் அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். ஓர் அம்மா மகள் தூங்கும்போது காதருகே உட்கார்ந்து புவியியல் வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் அம்மா தூங்கிவிட்டாள்.

"படிச்சதெல்லாம் மறந்துடுவாங்களே!" இதுதான் ஊரின் ஒரே புலம்பல்.

புலம்பல் இருக்குமிடத்தில் புனிதர் முளைப்பார். செபுலோன் முளைத்தார்.

"மக்களே! தாள் மட்டுமா கசிஞ்சுது? உங்க பிள்ளைங்க தலையும் கசியுது! படிச்சதெல்லாம் தூக்கத்துல காது வழியா ஒழுகித் தலையணையில இறங்குது. நம்பிக்கை இல்லையா? உறையைக் கொண்டு வாங்க!"

கொண்டு வந்தார்கள். அவர் ஒரு கண்ணாடிக் குடுவையிலிருந்து தண்ணீரைத் தெளித்தார். வெளிர் தேநீர் நிறம். நாட்டின் பெரிய ஏரியின் அடியாழத்துத் தண்ணீராம். ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் கூட்டத்தில் பாதிப் பேர். அந்த நிறத்தில் அவர்கள் ஏரியைப் பார்த்ததே இல்லை. அதனால்தான் அது புனிதம்!

தண்ணீர் பட்டதும் வெள்ளை உறையில் நீலம் பூத்தது. கருநீலம். பேனா மையேதான்!

"பாருங்க! எழுத வேண்டிய அறிவு!"

கூட்டம் அலறியது. ஓர் அப்பா அந்தக் கறையை முகர்ந்துபார்த்து, "வரலாறு வாசனை வருது" என்றார்.

பிறகு சிகிச்சை. பிள்ளையின் இரண்டு காதிலும் பஞ்சு, அதன்மேல் தேன்மெழுகு. காதுக்கு ஒரு சேவல் காணிக்கை. அடைத்ததும் தீர்க்கதரிசி கறைமேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிவார். நீலம் அப்படியே மறைந்து உறை பளிச்சென்று வெளுக்கும். "கசிவு நின்றது!" ஆமென்! அல்லேலூயா! அடுத்த சேவல்!

கூடாரத்துக்குப் பின்னால் சேவல்கள் கூவிய கூவலில் ஊரில் யாருக்கும் எது விடியல் என்று தெரியாமல் போயிற்று.

மாவு மில்லில் வேலை பார்க்கும் யோத்தாமுவும் மகள் தியாமிகேயைக் கூட்டிக்கொண்டு போனார். மனைவி எலுபிக்குச் சந்தையில் துணிக்கடை. பழைய படுக்கை விரிப்புகளை வாங்கி, தலையணை உறையாகத் தைத்து, மரவள்ளிக் கஞ்சி போட்டு, தேய்த்து விற்பாள். அவள் தேய்த்த உறை நிறுத்தினால் நிற்கும். அப்படிப்பட்ட உறையில்தான் தியாமிகே படுத்திருந்தாள்.

செபுலோன் தண்ணீர் தெளித்தார். உறை முழுக்கக் கருநீலம். வெள்ளை என்று சொல்ல ஒரு விரல்கடை இடம் இல்லை.

"ஐயோ, வெள்ளம்!" என்று தீர்க்கதரிசி தலையில் கைவைத்தார். "மத்தவங்களுக்குச் சொட்டு. சிலருக்கு ஓடை. இவளுக்கு வெள்ளம்! காதை அடைக்கிறேன்." மெழுகை இறக்கிவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "ஆனா உள்ளே ஒண்ணும் மிச்சமில்லை, ஐயா. இவளை மறுதேர்வுக்கு அனுப்பிக் காசைக் கரைக்காதீங்க. வேற வேலை பாருங்க."

வகுப்பில் முதல் வரிசை மாணவி தியாமிகே. மருத்துவத் தாதிப் படிப்புக்குப் போக வேண்டுமென்று இருந்தவள். அவள் காதில் அதற்குள் மெழுகு இறங்கியிருந்ததால் தன்னைப் பற்றிய தீர்ப்பு அவளுக்குக் கேட்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவர் திரும்பிக்கொண்டார்.

அடுத்து வந்தது கெஃபாசியின் உறை. இதே தேர்வில் முன்பே தோற்று, திரும்ப எழுத வந்தவன் கெஃபாசி. அவனுடைய உறையின் நிறம் என்னவென்று சொல்வது கடினம். தண்ணீர் தெளித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் தெளித்தார்கள். ம்ஹூம்.

"அணை!" என்று செபுலோன் கத்தினார். "ஒரு சொட்டுக் கசியாத அணை! இவன் பெரிய ஆளா வருவான்!"

கெஃபாசியின் அம்மா அங்கேயே இடுப்பை ஆட்டி ஆடினாள். கெஃபாசிதான் பயந்துபோனான். "அம்மா, எனக்குள்ள என்ன இருக்குன்னு இவர் இப்படிச் சொல்றாரு?"

அன்று மத்தியானமே யோத்தாமு தலைநகர் லிலோங்வேயில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டார். "உன் குழந்தையைப் பார்த்துக்க ஆள் கேட்டியே, தியாமியை அனுப்புறேன். ஆமா, வந்து இருந்துடுவா. படிப்பா? முடிஞ்சுது."

தியாமிகே பக்கத்தில்தான் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் தேன்மெழுகு.

எலுபி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே மூளையும் வேலை செய்தது. இரண்டும் ஒன்றாக நடப்பது எங்கள் ஊரில் அபூர்வம்.

"தியாமி அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? கெஃபாசி தலை அணையாம். அந்தப் பையனுக்குப் பன்னிரண்டையும் பதிமூணையும் கூட்டச் சொன்னா சண்டைக்கு வருவான்."

"தீர்க்கதரிசி பார்த்துச் சொல்லிட்டாரு. நாம யாரு?"

"கெஃபாசி அம்மா அந்த உறையைத் துவைச்சே நான் பார்த்ததில்லை. பாஸ்டர் வீட்டுப் பொண்ணுக்கு ஓடை. டீச்சர் வீட்டுப் பையனுக்கும் ஓடை. சுத்தமா இருக்கிற வீடெல்லாம் ஒழுகுது. அழுக்கு வீடெல்லாம் அணை. அறிவுக்கும் சோப்புக்கும் என்னங்க பகை?"

யோத்தாமு எழுந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனார். பதில் இல்லாத ஆண்களுக்கு வேலை இருப்பது எவ்வளவு வசதி!

எலுபி நேராகக் கூடாரத்துக்குப் போய் ஒரு சிறிய புட்டி புனிதத் தண்ணீர் வாங்கி வந்தாள். அதுவும் விற்பனைக்கு இருந்தது, சந்தேகமா என்ன? விற்பதற்காகத் தைத்து அடுக்கியிருந்த புது உறைகளில் ஒன்றை எடுத்தாள். எந்தத் தலையும் அதில் பட்டதில்லை. தெளித்தாள்.

கருநீலம். வெள்ளம்!

"அடி சக்கை! என் தையல் மெஷின் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சுது?"

மகளைத் தோளில் தட்டிக் கூப்பிட்டாள். தியாமிகே "ஆங்?" என்றாள். எலுபி உறையைக் காட்டினாள். தியாமிகே "ஆங்?" என்றாள். கடைசியில் எலுபி ஊசியின் பின்பக்கத்தால் ஒரு காதின் மெழுகைப் பெயர்த்து எடுத்தாள்.

"இது என்னடி?"

தியாமிகே முகர்ந்தாள். "அயோடின்மா. காயத்துக்குத் தடவுவாங்களே, அது. கஞ்சியில மாவுச்சத்து இருக்கு. அயோடின் பட்டா நீலமாகும். எலுமிச்சை பிழிஞ்சா போயிடும். உயிரியல் பாடம். வகுப்புல எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்குமா? அப்புறம் ஏன்டி ஒருத்தரும் வாயைத் திறக்கல?"

தியாமிகே உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "காதை அடைச்சதிலேருந்து எங்க யாருக்கும் திட்டு கேக்கலம்மா. 'தண்ணி எடு, விறகு உடை, போய்ப் படி' ஒண்ணும் கேக்கல. வாயசையுறது மட்டும் தெரியும், மீன் மாதிரி. தேர்வு நின்ன பிறகு எங்களுக்கு அதுதான் முதல் நிம்மதி."

"நிம்மதியா? உன்னை லிலோங்வேக்குக் குழந்தை பார்க்க அனுப்பப் போறாரு உங்கப்பா. படிப்பு முடிஞ்சுதாம். உன் தலை காலியாம்."

சிரிப்பு நின்றது. தியாமிகே உரித்து வைத்திருந்த கடலைத் தட்டு கவிழ்ந்தது. "எப்போ சொன்னாரு?"

"உன் பக்கத்துல உக்காந்துதான்."

அவள் மறு காதின் மெழுகைத் தானே பிடுங்கி எறிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. வழிபாடு முடிந்து ஊரே மைதானத்தில் இருந்தது. எலுபி புது உறையோடு முன்னால் வந்தாள்.

"தீர்க்கதரிசி ஐயா, இதையும் பாருங்க."

தெளித்தார். நீலம். செபுலோன் கண்ணை மூடினார். "பையன். கணக்குல புலி. டாக்டராகப் பிறந்தவன். ஆனா ஒழுகுறான், அம்மா, ஒழுகுறான்!"

"ஐயா, இது சந்தையில விக்கத் தச்ச உறை. இதுல யாரும் படுக்கவே இல்லை."

கூட்டத்தில் சலசலப்பு. செபுலோன் அசரவில்லை. "நாளைக்கு இதுல படுக்கப் போற பிள்ளையோட கசிவு, இன்னைக்கே தெரியுது! அதுதான் தீர்க்கதரிசனம்!"

"ஆமென்!" என்றது கூட்டம். பாருங்கள் விசுவாசத்தை! பொய் தடுக்கி விழுந்தால் தாங்கிப் பிடிக்க எத்தனை கைகள்!

அப்போது தியாமிகே ஒரு தட்டை மேசையில் வைத்தாள். தட்டில் சோளக்களி. ஆவி பறக்கும் வெள்ளைக் களி. நாங்கள் எல்லாரும் தினமும் தின்கிற அதே களி. ஐயாவின் குடுவையை எடுத்து அதன்மேல் ஊற்றினாள்.

களி நீலமானது.

கூட்டம் தட்டை எட்டிப் பார்த்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எங்க வீட்டுக் களி படிச்சிருக்கா?"

"படிச்சது மட்டுமில்லை, ஒழுகவும் செய்யுது. அடைச்சுடலாம்" என்று தியாமிகே எலுமிச்சையைப் பிழிந்தாள். களி வெளுத்தது. "பாருங்க, களி பாஸ்!"

மைதானம் வெடித்தது. சிரிப்பில் ஒருவருக்குப் பொய்ப்பல் கழன்று விழுந்தது. செபுலோன் கையை உயர்த்தினார். "சோளத்தை விதைச்சவனோட அறிவு அது! வேரு வழியா..."

"அப்படியா? அப்போ உங்க அறிவையும் பார்த்துடலாம்" என்றாள் எலுபி. மிச்சமிருந்த தண்ணீரைக் குடுவையோடு தூக்கி அவர்மேல் ஊற்றினாள்.

அவருடைய அங்கி பனிபோல் வெள்ளை. மடமடக்கும் கஞ்சி. கழுத்துப்பட்டியில் தொடங்கிய நீலம் மார்பு, வயிறு, முழங்கால் என்று இறங்கியது. நின்றது தீர்க்கதரிசி அல்ல, கவிழ்ந்த மைப்புட்டி!

கெஃபாசி பெஞ்சின்மேல் ஏறிக் கத்தினான்: "வெள்ளம்! ஐயாவுக்கு வெள்ளம்!"

பிள்ளைகள் வரிசையாக மெழுகைப் பிடுங்கி எறிந்தார்கள். "அயோடின்! அயோடின்!" என்று பாட்டே கட்டிவிட்டார்கள்.

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?" என்று ஓர் அப்பா மகனின் சட்டையைப் பிடித்தார்.

பையன் காதில் கைவைத்துக்கொண்டு, "என்னப்பா? சரியா கேக்கல" என்றான்.

செபுலோன் சைக்கிள் டாக்சியில் ஏறிப் பறக்கப் பார்த்தார். ஓட்டுகிறவனின் தங்கைக்கும் காது அடைத்திருந்தார்கள். அவன் நேராகக் காவல் நிலையத்துக்கு மிதித்தான். சேவல்களைத் திருப்பி வாங்குவதில்தான் பெரும் சண்டை. காணிக்கையாக மெலிந்த சேவலைக் கொடுத்தவர்களெல்லாம் கொழுத்த சேவலைக் காட்டி, "இதுதான் என்னுது" என்றார்கள்.

யோத்தாமு வீட்டுக்கு வந்து, கட்டி வைத்திருந்த பையைத் தானே அவிழ்த்தார். மகளுடைய சட்டையை மடிக்கத் தெரியாமல் மடித்து அலமாரியில் வைத்தார். "உங்க அத்தைக்கு வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லிட்டேன்" என்றார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா. காதுலதானே மெழுகு இருந்துச்சு, வாயில இல்லையே."

அவர் அலமாரியைச் சாத்தினார். "கேட்டிருக்கணும்மா." பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அந்தப் பாடத்தை எனக்கும் சொல்லு. நான் தினம் அரைக்கிற மாவுல என்னதான் இருக்குன்னு தெரிஞ்சுக்கறேன்."

அந்த மாலை தெருவில் எந்த வீட்டு மரவள்ளிக்கும் ரொட்டிக்கும் உருளைக்கிழங்குக்கும் நிம்மதி இல்லை. எல்லாவற்றையும் நீலமாக்கிப் பார்த்தார்கள். ரத்தான தேர்வு தெருவிலேயே நடந்தது. பெற்றோர்கள்தான் எழுதினார்கள், பாதிப் பேர் தேறினார்கள்.

மறுநாள் சந்தையில் கெஃபாசியின் அம்மா எலுபியிடம் குனிந்து கிசுகிசுத்தாள்: "இவன் போலி, சரி. ஆனா பக்கத்து ஊரு இன்ச்சேயுல ஒருத்தர் வந்திருக்காராம். பேனாவை முகர்ந்தே மார்க் சொல்றாராம். அவரு நிஜமாம்."

எலுபி துணியை மடிப்பதை நிறுத்தினாள்.

"போயிட்டு வா, கெஃபாசி அம்மா. மார்க் பிறகு கேக்கலாம். முதல்ல உன் பையன் பேனா ஒண்ணு, கடையில வாங்கின புதுப் பேனா ஒண்ணு, ரெண்டையும் நீட்டு. எது எதுன்னு அவரைச் சொல்லச் சொல்லு. புத்தியை எவனும் திருடுறதில்லை. நாமதான் சேவலோட சேர்த்துக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்."