படுக்கையறையில் ஒரு மேன்கூலர்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் செகந்திராபாத் பக்கம் பாலாநகரில் என் பட்டறைக் காற்றாடிகளைப் பார்த்து இஞ்சினியர்களே வாய் பிளப்பார்கள். அந்தத் தெம்பில், பெண்கள் உடம்பும் எனக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (வயது அப்போது ஐம்பத்து நாலு. சின்னப் பையன் என்று தப்பிக்க வழியில்லை.)

என் மனைவி சரோஜாவுக்கு மாதவிலக்கு நிற்கும் சமயம். ஏசி ஓடும்போதே உடம்பு கொதித்து, முகமெல்லாம் வியர்த்து ஊற்றும்.

"ஒருதரம் லேடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்களேன்."

"நக்கோ, டாக்டரெல்லாம் வேணாம்! இது சூடு. சூட்டுக்குக் காத்து. காத்துக்கு நான்!"

விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் தங்கை செல்லம்மாவும் வந்திருந்தாள். அவளுக்கும் அதே பருவம்தான். ஆனால் மூட்டுவலி, முதுகுவலி தவிர வேறு சொல்ல மாட்டாள். என் ஆராய்ச்சி முடிந்தது: டவுன் பெண்களுக்குச் சூடு, கிராமத்துப் பெண்களுக்கு வலி. சனத்நகர் முழுக்க இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு ஒரு மேன்கூலர் செய்தேன். (உலை முன்னால் வேலை செய்பவர்களுக்கு வைக்கிற ராட்சத விசிறி.) நாலு பேர் தூக்கி வந்து படுக்கையறையில் வைத்தார்கள். சம்பந்தி வீட்டார் முன்னிலையில் திறப்புவிழா. பின்னால் நின்று சுவிட்சைத் தட்டினேன்.

திரைச்சீலை கம்பியோடு பிடுங்கிக்கொண்டு போய்ச் சம்பந்தியம்மாளுக்கு முக்காடு போட்டது. தட்டிலிருந்த மிக்சர் சம்பந்தியின் மீசையில் குடியேறியது. பட்டறையில் இதைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்குவோம். வீட்டு டைல்ஸில் மறந்துவிட்டேன். மேன்கூலர் வழுக்கிப் பின்னால் வந்து, அதை உருவாக்கிய என்னையே பீரோவோடு சேர்த்து அழுத்தியது. செல்லம்மாதான் பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஏண்ணே, எனக்கும்தான் இப்படிக் கொதிக்குது. மடை திறக்கிற சாக்குல வாய்க்கால்ல போயி குந்திக்குவேன்."

"சொல்லவே இல்லையேம்மா!" (பீரோ பக்கத்திலிருந்துதான்.)

"கழனியில நிக்கிறவ வேர்க்குதுன்னா சிரிப்பாங்க. முட்டி வலின்னா தைலமாவது வரும்."

"எனக்கும் முட்டி வலிதான்" என்றாள் சரோஜா. "சொன்னா படுக்கையோரம் கிரேன் மாட்டிடுவாருன்னு பயம்."

மறுநாள் இருவரையும் செகந்திராபாத்தில் ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனேன். "எத்தனை நாளா?" என்று சரோஜாவைக் கேட்டார்.

"மூணு மாசம்" என்று நான் முந்திக்கொண்டேன்.

"மூணு வருஷம்" என்றாள் அவள்.

டாக்டர் என்னைப் பார்த்துத் தெலுங்கில், "மீரு பயட கூர்ச்சோண்டி" என்று கதவைக் காட்டினார். போய் வெளியே உட்கார்ந்தேன். உள்ளே இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். அவ்வளவு சங்கதி அவர்களிடம் இருந்தது எனக்குத் தெரியாது.

இப்போதும் வீட்டில் யாருக்காவது தலைவலி என்றால், நான் வாயைத் திறப்பதற்குள் என் பேத்தி நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுவிடுகிறாள்.

"தாத்தா, பயட கூர்ச்சோ!"