ஸ்கிரேப் என்றால் எனக்குத் தெரியாதா?

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நான் ஆங்கிலப் பரீட்சையில் தேறிவிட்டேன். இந்த வரியை அக்காவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு மேலே படியுங்கள்.

இருபத்தாறு வருடம் சுவருக்குப் பெயின்ட் அடித்தவன், மேற்பார்வையாளர் ஆக வேண்டுமென்றால் ஆங்கிலச் சான்றிதழ் வேண்டுமாம். கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஐம்பத்தொரு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். டீச்சருக்கு என் மகள் வயது. மூன்று மாதம் நான் வாயே திறக்கவில்லை. ஒரு நாள் பலகையில் 'ஸ்கிரேப்' என்று எழுதி அர்த்தம் கேட்டார். எதற்கும் முந்திக்கொள்ளும் மருந்துக்கடைக்காரர், "கீறல் டீச்சர். கார்ல ஸ்கிரேப் ஆயிடுச்சும்பாங்களே" என்றார். அதுவும் சரிதான் என்று டீச்சரும் தலையாட்ட, எனக்குப் பொறுக்கவில்லை மச்சான், எழுந்துவிட்டேன். "கீறுறது வேற, சுரண்டுறது வேற டீச்சர். கீறுறது தானா நடக்கும். சுரண்டுறதுக்குக் கை பழகணும்." "எப்படி?" என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. வேலையிலிருந்து நேராகப் போயிருந்ததால் பையில் சுரண்டும் தகடு இருந்தது. தகட்டை இப்படிச் சாய்க்கணும், பழைய பூச்சு மட்டும் உரியணும், சுவருக்குத் தெரியவே கூடாது என்று வகுப்பறைச் சுவரிலேயே காட்டினேன். உள்ளங்கை அளவுதான் நினைத்தேன். உள்ளே ஒரே ஈரம். பூச்சு பாளம் பாளமாகக் கழன்று கதவு அகலத்துக்கு உரிந்து, மருந்துக்கடைக்காரர் தலையிலும் கொஞ்சம் விழுந்தது. முதல்வர் ஓடிவந்து, "என்ன நடக்குது இங்க?" என்று கத்தினார். டீச்சர் அசையவே இல்லை. "ஸ்கிரேப்புக்கு அர்த்தம் பாத்துட்டிருக்கோம் சார்" என்றார்.

நான் சுரண்டியதால்தான் உள்ளே குழாய் கசிவதே தெரியவந்தது. அதை அடைத்து, சுவர் காய்ந்ததும், நானே போய்ப் பட்டி பார்த்து இரண்டு கோட் அடித்துக் கொடுத்தேன். இப்போது அந்தக் கட்டடத்தில் சுவர் மாதிரி இருக்கும் சுவர் அது ஒன்றுதான்.

நேற்று முடிவு வந்தது. மற்றவர்கள் தாளில் வெறும் 'பாஸ்'. என் தாளில் மட்டும் டீச்சர் தன் கைப்பட 'யூ ஸ்கிரேப்ட் த்ரூ!' என்று எழுதிச் சிரித்த முகமும் போட்டிருக்கிறார். சுரண்டியே சாதித்தவர் என்று அர்த்தம். என் தொழிலுக்கு இப்படியொரு மரியாதையா என்று கண் கலங்கிவிட்டது. அந்த வரியை ஆங்கிலத்திலேயே வாசல் சுவரில் நீல எனாமலில் ஒரு முழ உயரத்துக்கு எழுதிவிட்டேன். போகிறவர்கள் நின்று படித்துச் சிரித்த முகத்தோடு போகிறார்கள்.

திங்கட்கிழமை முதல் நான் மேற்பார்வையாளர். அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
பரீட்சையில் தேறிய உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மகள் படித்துவிட்டாள். "அப்பா, ஸ்கிரேப்ட் த்ரூன்னா தட்டுத் தடுமாறி எப்படியோ பாஸாயிட்டீங்கன்னு அர்த்தம்பா" என்கிறாள். மார்க்கைப் பார்த்தேன். முப்பத்தைந்து வேண்டிய இடத்தில் சரியாக முப்பத்தைந்து. தகட்டோடு வாசலுக்கு ஓடினேன். உங்கள் தங்கை சுவரை மறித்துக்கொண்டு நிற்கிறாள். "பாஸானது பொய்யா? இல்லல்ல? அப்ப கைய வைக்காதீங்க. கீழ உங்க பேரையும் எழுதுங்க!" எழுதத்தான் போகிறேன், மச்சான். அதையும் ஆங்கிலத்தில்.